மாடு பார்க்க வந்த அதிகாரி

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரிகிற தூரத்தில், கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருந்தது கரும்பாளையூர். அதைத் திருச்சி மாநகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்றதும் ஊராட்சித் தலைவி பானுமதிக்குச் சோறு இறங்கவில்லை. ஊராட்சி, ஒன்றியம் என்கிற அடுக்கெல்லாம் கலைந்து ஒரே மாநகராட்சி ஆகிவிடும். நூறு நாள் வேலை போகும். வீட்டு வரி ஏறும். தலைவி நாற்காலியும் போகும். அதை மட்டும் அவள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஊர் இன்னும் கிராமம்தானா என்று பார்க்க மறுநாள் அதிகாரி வருகிறார். வந்தால் எதைக் காட்டுவது? அடுக்குமாடி வீடு, பியூட்டி பார்லர், பிரியாணிக் கடை. மாடு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பாலே பாக்கெட்தான்.

“பக்கத்து ஊர் மாடெல்லாம் ஆத்துப் படுகையிலதான் மேயுது அண்ணி,” என்றான் கொழுந்தன் ரெங்கராஜ்.

“களவாணித்தனம் பண்ணச் சொல்றியா?”

“நாளைக்குச் சாயங்காலமே திருப்பி விட்டுடலாம்.”

விடிந்தபோது கரும்பாளையூரில் வாசலுக்கு வாசல் மாடு நின்றது. காரை விட்டு இறங்கிய அதிகாரி முதல் அடியையே சாணியில் வைத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது சுத்த கிராமம்யா, விட்டுடலாம்,” என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். பானுமதிக்கு அந்தச் சாணியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கார் போன புழுதி அடங்கவில்லை. தார்ப்பாய் போர்த்திய லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. பக்கத்து ஊர்த் தலைவர் பிலோமின்ராஜ் கையில் கயிறோடு இறங்கினார். ரெங்கராஜ் கொல்லைப்புறமாகக் கழன்றுகொண்டான்.

பிலோமின்ராஜ் மாடுகளை நிதானமாகப் பார்த்தார்.

“எல்லாம் எங்க ஊரு மாடு.”

பானுமதி கைகூப்பினாள். “தப்புதாங்கண்ணே. போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க.”

“எங்க ஆளுங்க காலையிலயே ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டாங்க. நான்தான் தடுத்து நிறுத்தியிருக்கேன்.”

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்பவே வண்டியில ஏத்திவிடச் சொல்றேன்.”

பிலோமின்ராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏத்த வரலைம்மா, மாநகராட்சியில சேர்ந்தாத்தான் எங்க ஊர் மனைக்கு விலை வரும், நாளைக்கு அதே அதிகாரி அங்க வர்றாரு, அதான் மிச்சமிருந்த எருமைங்களையும் இங்க இறக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”