அறை ஏழில் இரண்டு பேர்

மாடி ஏறி வந்தவர் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார். காலில் மட்டும் போலீஸ் ஷூ. ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும், அறைத் தோழன் ஏசுவடியானின் தகரப் பெட்டியைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான் இசக்கிபாண்டி.

“போலீசுலே. அவனைத் தேடித்தான் வாராவ.”

மாசானம் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். இருவரும் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர்கள். சுங்குவார்சத்திரம் முழுக்க ஸ்டிரைக் பேச்சாக இருந்த நேரம். போன வாரம்தான் பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையிலிருந்து சங்கத்துக்காரர்கள் நாலு பேரைப் போலீசார் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை.

ஏசுவடியான் சங்கத்தில் பெரிய புள்ளி என்று இவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். பத்து நாளாகக் கண்ணாடி முன் நின்று வலது கையை உயர்த்தி, ‘உண்மையாகவும் விசுவாசமாகவும் இருப்பேன்’ என்று முணுமுணுக்கிறான். மாதம் தவறாமல் ஒரு நாள் லீவு போட்டுக் கும்மிடிப்பூண்டிக்கு ஓடுகிறான். கேட்டால், “தலையைக் காட்டணும்” என்பான், அவ்வளவுதான்.

எச்சரிக்கவும் வழியில்லை. அவன் காலை ஷிப்டில் இருந்தான். கம்பெனியில் உற்பத்தி லைனுக்குள் போன் கூடாது.

வந்தவர் தன்னை ஸ்பெஷல் பிராஞ்ச் கோதண்டராமன் என்று சொல்லிக்கொண்டு, கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“ஏசுவடியான் எங்கப்பா?”

“அப்படி யாரும் இங்க இல்ல சார்,” என்றான் இசக்கிபாண்டி.

“ரெண்டு பேருக்கு இன்னாத்துக்கு மூணு தலகாணி?”

“ஒண்ணு காலுக்கு சார்,” என்றான் மாசானம். “எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை.”

அவர் சிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்து ஒரு போட்டோவை நீட்டினார். ஏசுவடியான்தான். தலையைப் படிய வாரியிருந்தான்.

“இந்த மூஞ்சிய பாத்ததே இல்லியா? இந்த அட்ரஸ்தான் குட்த்துகீறான்.”

“பொய் அட்ரஸா இருக்கும் சார்.”

“நல்லா யோசிச்சு சொல்லு. அப்பால மாத்திப் பேசினா, பொய் வாக்குமூலம்னு உங்க ரெண்டு பேரையும் தூக்கி உள்ள வெச்சிடுவேன்.”

ஏசுவடியான் மூன்று வருஷம் ஒரே சட்டியில் பொங்கித் தின்றவன். காட்டிக் கொடுக்க இசக்கிபாண்டிக்கு மனசு வரவில்லை.

“யோசிச்சுட்டேன் சார். இல்ல.”

‘மேற்படி நபர் இம்முகவரியில் குடியிருக்கவில்லை’ என்று கோதண்டராமன் எழுதி நீட்டினார். இசக்கிபாண்டி கையெழுத்துப் போட்டான். அதன் கீழே மாசானமும் போட்டான்.

பைக் சத்தம் ஹைவேயில் கரைந்த பிறகுதான் மாசானம் மூச்சு விட்டான். “நம்ம பய தப்பிச்சாம்ல.”

சாப்பாட்டு இடைவேளையில் ஏசுவடியானிடமிருந்து போன் வந்தது. இசக்கிபாண்டி பெருமையாக வாயைத் திறப்பதற்குள் அவனே பேச ஆரம்பித்துவிட்டான். அந்தக் குரலில் அத்தனை சந்தோஷத்தை இவர்கள் கேட்டதே இல்லை.

“மாப்ள, சிலோன்காரன்னா ரூம் குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சுட்டேன். நான் கும்மிடிப்பூண்டி அகதி கேம்ப்ல வளந்தவன். மாசா மாசம் தலையைக் காட்டப் போறது அங்கதான். இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டது இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் அசைஞ்சிருக்கு. விசாரணை முடிஞ்சிட்டா, கலெக்டர் முன்னாடி உறுதிமொழி எடுக்கிறது ஒண்ணுதான் பாக்கி.”

இசக்கிபாண்டி குளியலறைக் கதவைத் திறந்து தகரப் பெட்டியை வெளியே இழுத்தான்.

“ரூமுக்கு ஒரு போலீஸ்காரர் வருவாரு மாப்ள, நான் உங்ககூடத்தான் இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க.”