பச்சைப் பொத்தான்

எத்தனை நொடி என்று உறுதியாகச் சொல்ல எனக்கு நினைவு போதவில்லை. பத்து இருக்கலாம். இருபதும் இருக்கலாம். கூட்டத்தில் இருந்தவர்கள் சொல்வது ஒன்று, அண்ணன்காரன் சொல்வது வேறு.

அடுத்தடுத்து இரண்டு மேசைகள். மேசைக்கு ஒரு பச்சைப் பொத்தான். இருவரும் அமுக்கினால்தான் ஆட்டம் தொடங்கும்.

அண்ணன் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துவிட்டான். தம்பி வைக்கவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருவரும் செய்த சண்டை ரோபோக்கள் எதிரெதிரே நின்றன. அண்ணனுடையது தட்டையாக, கனமாக இருந்ததால் அரங்கத்தில் அதற்கு ஆமை என்று பெயர் விழுந்திருந்தது. தம்பியுடையது நண்டு. இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே லேத்தில் கடைந்தவை.

அந்த லேத்துக்காகத்தான் இந்தச் சண்டையே.

அப்பா போன பிறகு பட்டறையைப் பிரித்தார்கள். துளையிடும் மெஷின், பெஞ்சு, சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் வரை பங்கு போட்டாயிற்று. லேத்தை இரண்டாக வெட்ட முடியாது. அது கிடைக்காதவன் கடையைச் சாத்திவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். பேச்சு ஆறு மாதம் இழுத்தது. இருவரும் ரோபோ சண்டைக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா வெறுத்துப்போய், அங்கே இருவரில் ஜெயிக்கிறவனே எடுத்துத் தொலையட்டும் என்றாள். ஆத்திரத்தில் சொன்ன சொல். இருவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் மூன்றாவது வரிசையில், அண்ணன் மனைவிக்கும் தம்பி மனைவிக்கும் நடுவே, யாருக்கும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

முந்தைய சுற்றில் நண்டின் கன்ட்ரோலர் போர்டு கருகிவிட்டது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் உள்ளங்கை அகலப் பலகை. அது இல்லாமல் சக்கரம் சுற்றாது.

அந்த அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுடைய இயந்திரம் பழுதானால், உதிரி வைத்திருப்பவன் கொடுத்துவிட வேண்டும், அடுத்து அவனோடு மோதப்போகிறவனே ஆனாலும். கொடுக்காதவனோடு அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அண்ணனின் டப்பாவில் இரண்டு போர்டுகள் இருந்தன. ஒன்று புதியது. மற்றது, சுமை ஏறினால் முக்கால் நிமிடத்தில் சூடாகி நின்றுவிடும். தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்தான். புதியது மேலே கிடந்தது. அவன் கை அடியில் போனது.

பக்கத்து மேசையில் தன் இயந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வெல்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். "வீட்ல அடிச்சுக்கிறீங்க, இங்க வந்து ஸ்பேர் குடுத்துக்கிறீங்க. வெளங்காத குடும்பம்யா."

அது நடந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. இருபது நிமிடத்தில் போர்டை மாட்டத்தான் நேரம் இருக்கும், ஓட்டிப் பார்க்க இருக்காது. அண்ணன் போட்ட கணக்கு அது.

நடுவர் தம்பியின் பொத்தானைக் கையால் காட்டினார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. நண்டையும் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான்.

"ஏதாச்சும் சொல்லணுமாண்ணே?"

மெதுவாகத்தான் கேட்டான். சாதாரணக் குரல்தான்.

பதிலுக்கு நாலு வார்த்தை போதும். அந்த போர்டு வேண்டாம், மாத்திக்க. நடுவர் ஐந்து நிமிடம் கொடுப்பார், புதியது டப்பாவில்தான் இருக்கிறது. தம்பி சீண்டுகிறான் என்று நினைத்துக்கொண்டால் எளிதாக இருந்தது. அப்படியே நினைத்துக்கொண்டான்.

அண்ணன் பொத்தானை அமுக்கினான். அவன் பக்கம் விளக்கு எரிந்தது.

தம்பி அதன் பிறகும் நின்றான். அந்த நேரத்தைத்தான் என்னால் கணக்கிட முடியவில்லை. பயந்துவிட்டான் என்று அரங்கம் நினைத்தது. யாரோ விசிலடித்தார்கள்.

பிறகு அவனும் அமுக்கினான்.

நண்டு நன்றாகவே ஆடியது. ஆமையை இரண்டு முறை தூக்கிச் சுவரில் அடித்தது. முக்கால் நிமிடத்தில் கூண்டின் நடுவே அப்படியே நின்றுபோனது. நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை ஆமை அதை இடித்துக்கொண்டே இருந்தது.

தம்பி நடுவரிடம் தன் வயரிங் தப்பு என்றான். அண்ணனுக்குக் கை கொடுத்தான்.

இரண்டு வருஷம் கழித்து அந்த வெல்டர் ஒரு ஷாஃப்ட் கடைந்து வாங்க அண்ணனின் பட்டறைக்கு வந்தார். வேலை நடக்கும்போது அண்ணன் தன் வழக்கமான பேச்சை எடுத்தான். தம்பிக்கு எப்போதும் அவசரம், ஒரு பொருளை மாட்டும் முன்னால் ஓட்டிப் பார்க்கும் பழக்கமே கிடையாது, அன்றைக்குத் தோற்றதும் அதனால்தான்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு வெல்டர் சொன்னார். தம்பி ஓட்டிப் பார்த்தானாம். அவருடைய மேசையிலேயே, சக்கரத்தை ஒரு மரக்கட்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு. போர்டு நின்றுவிட்டது. அவர் தன்னிடமிருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"'இருக்கட்டும், இன்னும் நேரம் இருக்கு, அண்ணனே வந்து சொல்லிடுவாரு'ன்னான்."

வெல்டர் இப்போது கடைசல் வேலைக்கு வேறு பட்டறைக்குப் போகிறார். தம்பி ஒரு பாட்டில் தொழிற்சாலையில் கூலிக்கு இருக்கிறான். அண்ணன் போட்டி நடந்த அன்றே இறுதிச் சுற்றில் தோற்றான், அதன் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. அக்கா இரண்டு வீட்டுக்கும் வந்துபோகிறாள், ஒரு வீட்டுச் செய்தியை மற்ற வீட்டில் சொல்வதில்லை.

லேத் அண்ணனிடம் இருக்கிறது.