ஊரிலேயே சிறந்த பூட்டுக்காரர்

"நேத்து ஒரே நாள்ல முந்நூறு பேர் என் வலைத்தளத்துக்கு வந்தாங்க மாமா. அந்த நெரிசல்ல என்னாலயே உள்ள நுழைய முடியல" என்றான் மச்சான், அக்கா புருஷனிடம். எதிரெதிர்க் கடை, இருவருக்கும் பூட்டு ரிப்பேர்தான் தொழில்.

மாமாவுக்கு வயிறு எரிந்தது. அந்த நெருப்பில் நாலு சாவியை உருக்கி வார்த்திருக்கலாம்.

"புளுகாதடா. ஊர்ல மொத்தமே முந்நூறு பூட்டு கிடையாது."

"எல்லாம் தேடல் சொல்லோட மகிமை மாமா. நீங்க 'பூட்டு ரிப்பேர்'னு போட்டீங்க. நான் 'ஊரிலேயே சிறந்த பூட்டுக்காரர்'னு போட்டேன். அப்படித் தேடினா என் கடைதான் முதல்ல வரும்."

"வீட்டு வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறவன் ரிப்பேரைத் தேடுவானா, சிறந்தவன் யாருன்னு ஆராய்ச்சி பண்ணுவானா?"

"எனக்கும் அதான் புரியல. ஒருத்தர்கூட பூட்டோட வரல."

உள்ளே, மாமாவின் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "நேத்து பூரா உங்க மாமா 'ஊரிலேயே சிறந்த பூட்டுக்காரர்'னுதாண்டா தேடினார். தேடித் தேடி உன் தளத்தைத்தான் திறந்து பார்த்துக்கிட்டிருந்தார்."

மாமா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"முந்நூறு நிஜம்தாண்டா. ஒரு தடவையாவது என் கடை முதல்ல வராதான்னு பார்த்தேன்."