சாகத் தெரிந்தவர்

வானொலி நாடகங்களில் சபாநாயகம் இருபது வருஷமாக வாரத்துக்கு ஒருமுறையாவது செத்துக்கொண்டிருந்தார். கடைசி வசனத்தைச் சொல்லிக்கொண்டே மைக்கிலிருந்து ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குவார். குரல் தேய்ந்து அடங்கும்போது வீடுகளில் ஜனங்கள் மூக்கைச் சிந்துவார்கள். அந்தப் புகழால்தான் சினிமாவிலும் முதன்முதலாக ஒரு சாகிற அப்பா வேஷம் கிடைத்தது.

கேமரா ஓடியது. நெஞ்சில் குத்திய கத்தியோடு, "என் மகளை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றபடியே அவர் பின்னால் நடந்தார். விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி, செட்டின் ஓரத்து இருட்டில் போய் நின்றுகொண்டார்.

"கட்! எங்க சார் போறீங்க?" என்று கத்தினார் டைரக்டர்.

"செத்துட்டேனே, தம்பி."

"நின்ன எடத்துலயே விழுந்து சாகணும் சார். இன்னொரு தடவை இப்படிப் பண்ணா வேற ஆளைத்தான் போடணும்."

சபாநாயகத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓர் அடிகூட நகராமல் ஒரு மனுஷன் எப்படிச் சாவது? மறுபடி கேமரா ஓடியபோது கால்கள் தாமாகவே பின்னால் போகப் பார்த்தன. பல்லைக் கடித்து அவற்றை அடக்கி, அப்படியே தரையில் சாய்ந்தார். மகளாக நடித்த பெண் அவர்மேல் விழுந்து அழுதாள். கண்ணை மூடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் விழித்தபடியே கிடந்தார். விளக்குகளுக்கு அப்பால், சற்றுமுன் அவர் போய் நின்ற அதே இடத்தில், நெஞ்சில் கத்தியோடு, அவருடைய அதே முகத்தோடு ஒருவர் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் சார், எழுந்திரிங்க" என்றது டைரக்டரின் குரல்.

யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. இருட்டில் நிற்பவர் முதலில் அசையட்டும் என்று சபாநாயகம் காத்துக் கிடந்தார்.