நேரே ஏறும் புகை

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பவளத்தின் காம்பரா அறை நடுவில் ரெஜினோல்ட் ஊதுபத்தியைப் பிடித்தபடி நிற்கிறான். வீட்டில் காற்று எங்கே நுழைகிறது, சூடு எந்த வழியாய் ஓடுகிறது என்று பார்த்துப் புள்ளி போடுவது அவன் வேலை. புள்ளி குறைந்த வீடுகளுக்குத்தான் தகரக் கூரைக்கடியில் சீலிங் அடித்துக் கொடுப்பார்களாம். வெளியே றக்வான மலையின் மழை கொட்டுகிறது. பவளம் மூச்சை அடக்கிக்கொண்டு புகையையே பார்க்கிறாள். அது நூல் பிடித்தாற்போல் நேரே ஏறுகிறது. "என்னாக்கா, ஒரு பொட்டுக் காத்து இல்லியே! தொரை பங்களாவே தோத்துரும்" என்று சிரிக்கிறான். வெளியாள் வருகிறாரென்று நேற்றெல்லாம் தரையை மெழுகி, பலகை இடுக்குகளில் மாவுச் சாக்கைத் திணித்தவள் அவளேதான். ஓட்டை வீட்டைக் கொடுத்த தோட்டத்துக்கு வராத வெட்கம் அவளுக்கு வந்தது. இளைப்புக்காரி மகள் ஷாமிளா, இந்தக் குளிர் தாங்காமல் வெக்கையான வரக்காப்பொலையில் சித்தி வீட்டில் கிடக்கிறாள். சீலிங் வந்ததும் கூட்டிவரலாம் என்றிருந்தாள்.

"சேர், அது நேத்து அடைச்ச சாக்குங்க. ஈரம் பட்டா விழுந்துரும்."

"அடைச்சா நல்லதுதானேக்கா? எல்லாரும் ஒங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல."

சீலிங் தேவையில்லாத வீடு என்று கதவில் பச்சை வட்டம் ஒட்டிவிட்டுப் போகிறான். பக்கத்துக் காம்பராவில் புகை நாலாபக்கமும் பறக்கிறது போலும். சீலிங் கிடைத்துவிட்டதென்று தெரேசம்மா கைதட்டிச் சிரிப்பது சுவர் வழியே கேட்கிறது. பவளம் மகளின் சுருட்டிவைத்த பாயருகே உட்காருகிறாள். "நம்ம வீடு நல்ல வீடுன்னு பாஸாயிருச்சு, அதனால நீ வராதடின்னு புள்ளகிட்ட எப்புடிச் சொல்லுவேன்?" வெறும் காம்பராவைக் கேட்கிறாள்.