இதைவிட நல்லதா ஒண்ணு

வந்தவனுடைய முழியே சரியில்லை என்று கேமராக் கடைக்காரருக்கு அப்போதே பட்டுவிட்டது.

எந்தக் கேமராவைக் கொடுத்தாலும் கண்ணில் வைத்துப் பார்க்காமல், கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்க்கிறான். பிறகு குட்டி நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ கிறுக்குகிறான். வாங்க வந்தவன் செய்கிற வேலையா இது?

போன மாதம்தான் பூட்டை உடைத்து ஏழு கேமராக்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. இன்ஷூரன்ஸ் பணம் வந்தால்தான் கடை தலைநிமிரும். இப்போது இன்னொன்று பறிபோனால் தலையில் துண்டுதான். மச்சினனுக்குக் கண்ணைக் காட்டி, வாசலில் நிற்க வைத்தார்.

“கல்யாணத்துல எடுக்கணும். வெளிச்சம் கம்மியா இருக்கும்,” என்றான் வந்தவன்.

ஒன்றை நீட்டினார். கவிழ்த்தான். “இதைவிட நல்லதா இல்லையா? சரி, பறவை எடுக்கணும்னா?”

நீண்ட லென்சோடு ஒன்று வந்தது. அதையும் கவிழ்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “இவ்வளவுதானா? நான் எதிர்க் கடையில பார்த்துக்கறேன்.”

எதிர்க் கடை என்றாலே கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபது வருடத்தில் ஒரு ஆளைக்கூட அவர் அங்கே விட்டுக்கொடுத்ததில்லை.

“இருங்க சார். உங்களுக்குத் தகுந்தது உள்ள இருக்கு.”

மச்சினன் ஓடி வந்து காதைக் கடித்தான். “மாமா, ஆளைப் பார்த்தா நல்லாயில்ல. உள்ள இருக்கிறதை வெளிய எடுக்காதீங்க.”

“நான் பார்த்துக்கறேன். யாரு ஓடினாலும் விடாத. வாசலை விட்டு நகராத.”

பின்னறையிலிருந்து மூன்று வந்தன. கல்யாணத்துக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று, ஒரு நிமிடம் சும்மா இருக்காத குழந்தையை எடுக்க ஒன்று. துணியால் துடைத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் அருமையையும் வாய் ஓயாமல் சொன்னார். கண் மட்டும் அவன் கையை விட்டு அகலவில்லை.

அவன் மூன்றையும் கவிழ்த்து, அடியிலிருந்த நம்பர்களைப் படித்து, முதல் தடவையாகச் சிரித்தான். செல்போனை எடுத்து வளைத்து வளைத்துப் படம் பிடித்தான்.

“எது வேணும் சார்?”

“எதுவும் வேணாங்க. என் வேலைக்கு இந்த போனே போதும்.”

நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். களவு போனவை என்று கடைக்காரரே கையெழுத்துப் போட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்த பட்டியல். அந்த மூன்று நம்பர்களும் அதில் இருந்தன.

கடைக்காரர் வாசலைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினார். சொன்ன சொல் தட்டாத மச்சினன் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.