ஐப்பசியில் சொன்ன பதில்

"சூட்டைத் தணிக்கக் காத்தா, தண்ணியாக்கா?" என்று கணினி பொருத்த வந்தவன் கேட்டான். அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு கணினி கட்டாயம். அது நின்றால் வீட்டைப் பறித்துக்கொள்வார்கள்.

காற்று என்றால் விசிறி சூட்டையெல்லாம் அறைக்குள் தள்ளும். இருப்பது ஒரே அறை. அதில்தான் நுரையீரல் கெட்ட தணிகாசலம் படுத்திருந்தார். தண்ணீர் என்றால் தினம் ஒரு குடம் ஊற்ற வேண்டும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி," என்றாள் அவர் மனைவி செண்பகம்.

"மழையில எல்லாரும் அதான் சொல்றாங்க. சித்திரையில மாத்தச் சொல்லி அழுவாங்க. மாத்த முடியாதுக்கா."

"தம்பி, உனக்கு வாய் மட்டும் காயவே காயாது போல," என்று படுக்கையிலிருந்து தணிகாசலம் சிரித்தார்.

சித்திரையில் தண்ணீர் லாரி வீட்டுக்கு இரண்டு குடம் தந்தது. பிறகு ஒன்று. அக்கினி நட்சத்திரத்தின் நாலாம் நாள் லாரியே வரவில்லை. கணினியின் தொட்டியில் நீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது; இப்படியே விட்டால் கணினி நின்றுவிடும். வீட்டில் மிஞ்சிய ஒரு சொம்புத் தண்ணீரைச் செண்பகம் அவர் தலைமாட்டில் வைத்தாள்.

"இது உங்களுக்குங்க. குடிச்சிடுங்க. நான் போய் லாரியைப் பாத்துட்டு வரேன்."

வெறுங்குடத்தோடு திரும்பினாள். சொம்பு காலியாக இருந்தது.

"குடிச்சீங்களா?"

"ம். வயிறு நெறைஞ்சிடுச்சு."

அவர் உதடு வெடித்திருந்தது. கட்டிலிலிருந்து கணினி வரை தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். தொட்டியில் நீர் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது.

செண்பகம் சொம்போடு தொட்டியருகே உட்கார்ந்தாள். அதில் ஊற்ற வழி இருந்தது. எடுக்க இல்லை.